கார் எண்ணிக்கையோடு நின்றுவிடாதீர்கள்: நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிலப் போக்குவரத்து ஆணையத்தாருக்கு,

வணக்கம். நான் சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குடியிருப்பவள். எங்கள் வீட்டில் கார் இல்லை. சிஓஇ பற்றி, அதாவது வண்டி வாங்க ஏலத்தில் எடுக்க வேண்டிய உரிமைச் சான்றிதழ் பற்றிக் கடிதம் என்றதும் விலை ஏறிப்போச்சு, குறைத்துக் கொடுங்கள் என்று கேட்கப்போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நேர் எதிராகக் கேட்கத்தான் எழுதுகிறேன். கட்டுப்பாட்டைத் தளர்த்தாதீர்கள், அதை இன்னும் சரியான இடத்தில் இறுக்குங்கள், அதில் கிடைக்கும் பலன் கார் இல்லாதவர்களுக்கு வந்து சேரும்படி செய்யுங்கள்.

2024 அக்டோபரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டீர்கள். 2025 பிப்ரவரி தொடங்கி அடுத்த சில ஆண்டுகளில் எல்லாப் பிரிவுகளிலும் சேர்த்து ஏறக்குறைய 20,000 வரை கூடுதல் சிஓஇ விடுவோம் என்றீர்கள். அதற்கு நீங்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, மக்கள் முன்புபோல் அவ்வளவு தூரம் வண்டி ஓட்டுவதில்லை என்பது. இன்னொன்று, புதிய இஆர்பி (மின்னியல் சாலைக் கட்டண) முறை வந்தால் நெரிசலை இன்னும் நன்றாகக் கட்டுப்படுத்தலாம் என்பது. அன்றிலிருந்து இதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன், எனக்கு இது சரியாகப் படவில்லை. மக்கள் குறைவாக ஓட்டுகிறார்கள் என்றால் நாட்டுக்கு அது நல்ல செய்தி. அந்த நல்ல செய்தியை அப்படியே வைத்துக்கொள்ளாமல், மிச்சமான இடத்தை இன்னும் 20,000 வண்டிகளால் நிரப்புவானேன்?

எனக்குப் புரிந்த வரைக்கும் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. இந்த முழு ஏற்பாடும் நெரிசலுக்காகக் கட்டப்பட்டது. 1975இல் நகர மையத்துக்குள் நுழையக் கட்டணம் என்று தொடங்கினோம், உலகத்தில் வேறு யாரும் அப்போது அதைச் செய்யவில்லை. 1990 மே மாதம் வாகன ஒதுக்கீட்டு முறை வந்தது, பத்து வருடத்துக்கு ஒரு சான்றிதழ், ஏலத்தில் எடுத்தால்தான் வண்டி. அன்றைக்கு ஆண்டுக்கு 3 விழுக்காடு வளர்ச்சிக்கு இடம் இருந்தது. படிப்படியாகக் குறைத்து 2018 பிப்ரவரியில் கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் சுழியத்தில் நிறுத்தினீர்கள். அந்தச் சுழியத்தை நான் பெருமையாக நினைக்கிறேன். இவ்வளவு வசதி வந்த பிறகும் இனி கார் எண்ணிக்கை கூடாது என்று சொல்லி அதைச் செய்தும் காட்டிய அரசாங்கங்கள் எத்தனை இருக்கும்? வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது இதைத்தான், இங்கே மட்டும் ரோடு எப்படி இப்படி ஓடுகிறது என்று.

ஆனால் சாலை நெரிசல் இல்லாமல் ஓடினால் போதும் என்பது 1990இன் கணக்கு. இப்போது நம் முன்னால் வேறு கணக்கு இருக்கிறது. தரைப் போக்குவரத்தின் கரிம வெளியேற்றம் 2016இல் உச்சத்தைத் தொட்டது, 77 லட்சம் டன். அதை இந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் 80 விழுக்காடு குறைப்போம் என்பது அரசாங்கம் கொடுத்த வாக்கு. 2050இல் நாடு முழுவதும் நிகர சுழிய வெளியேற்றம் என்பது அதைவிடப் பெரிய வாக்கு. நெரிசலே இல்லாத விரைவுச்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் சுகமாகப் போகும் காரும் பெட்ரோலை எரித்துக்கொண்டுதான் போகிறது. புதிய இஆர்பி கருவியால் நெரிசலைச் சமாளிக்கலாம், அதனால் கூடுதல் வண்டி விடலாம் என்று சொல்லும்போது, வானத்துக்குப் போகும் புகையை அந்தக் கணக்கில் எங்கே வைத்தீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

சரி, புதிய வண்டிகளில் பாதி மின்சார வண்டிதானே என்று யாராவது சொல்லக்கூடும். அந்த அறிவிப்பு வந்த 2024இல் பாதி இல்லை, புதிதாகப் பதிவான கார்களில் மூன்றில் ஒன்றுதான் மின்சாரக் கார். 2030 முதல் புதிதாகப் பதிவாகும் எல்லாக் கார்களும் தூய எரிசக்தியில் ஓட வேண்டும் என்ற விதியை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். அதே நேரத்தில் நம் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவை எரித்துத்தான் வருகிறது என்பதையும் மறக்க முடியாது. மின்சாரக் கார் பெட்ரோல் காரைவிடக் குறைவாகத்தான் வெளியேற்றுகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது பேருந்து ஆகிவிடாது. ஒரே ஆளை ஏற்றிக்கொண்டு போகும் ஒன்றரை டன், இரண்டு டன் இரும்பாகத்தான் அதுவும் இருக்கிறது, அதற்கும் அதே அளவு சாலை வேண்டும், நிறுத்த அதே அளவு இடம் வேண்டும்.

இடம் பற்றிப் பேசினால் எனக்கு நிறுத்த மனம் வராது. நம் நிலத்தில் 12 விழுக்காடு சாலைக்குப் போகிறது, வீடுகளுக்கு 14 விழுக்காடு. இது நீங்களே பலமுறை சொன்ன கணக்கு. ஒரு கார் நிறுத்துமிடம் 2.4 மீட்டருக்கு 4.8 மீட்டர். மூன்று இடங்களைச் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு ஈரறை வீட்டின் அளவு, அந்த வீடு கிடைக்காதா என்று எத்தனை முதியவர்கள் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். இதில் சரிவுப்பாதை, திரும்பும் இடம் எதையும் சேர்க்கவில்லை. எங்கள் புளோக்குக்குப் பின்னால் இருக்கும் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்துக்கு மாலையில் நடக்கப் போவேன், வார நாட்களிலும் அங்கே அசையாமல் நிற்கும் கார்களைப் பார்க்கலாம், கண்ணாடியில் தூசி படிந்து, வைப்பரின் கீழே காய்ந்த இலையோடு. வாங்கியவர்களும் ஓட்டவில்லை, மற்றவர்களுக்கும் அந்த இடம் பயன்படவில்லை.

அந்த நிற்கும் காருக்கும் தினமும் ஐம்பது கிலோமீட்டர் ஓடும் காருக்கும் நீங்கள் கேட்பது ஒரே சிஓஇ. இதுதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். நூறு கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடிக்கும் ஒரு காரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர் ஓட்டும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வெளியேற்றுவது ஒரு டன்னுக்கும் குறைவு. அதே காரை 30,000 கிலோமீட்டர் ஓட்டுபவர் வெளியேற்றுவது ஐந்தரை டன். ஏலத்தில் இருவரும் கொடுத்தது ஒரே பணம். பெட்ரோல் வரியிலும் இஆர்பியிலும் கொஞ்சம் வித்தியாசம் வருகிறது, உண்மைதான், ஆனால் கார் வைத்திருக்க ஆகும் மொத்தச் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

போதாக்குறைக்கு, இவ்வளவு பணத்தை முன்னாலேயே வாங்கிக்கொள்வது ஆட்களை இன்னும் அதிகமாக ஓட்டவைக்கிறது. 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான ஏ பிரிவு 106,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) போனது, பெரிய கார்களுக்கான பி பிரிவு 150,001 வெள்ளி. ஏ பிரிவுக் கட்டணத்தைப் பத்து வருடத்துக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 29 வெள்ளி, கார் விலை, பதிவுக் கட்டணம், காப்புறுதி எல்லாம் தனி. இவ்வளவு கொடுத்துவிட்டு யார் இரண்டு வெள்ளி கொடுத்துப் பேருந்தில் ஏறுவார்கள்? எங்கள் பக்கத்து புளோக் அண்ணன் ஒருவர், தங்கமான மனிதர், காய்கறி வாங்கக் காரில்தான் போவார், நடந்தால் பத்து நிமிடம்கூட ஆகாது. ஏன் அண்ணே என்று கேட்டதற்கு, "காசு போட்டாச்சு, ஓட்டாம வச்சிருந்தா நட்டம்தானேம்மா" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. நீங்கள் வைத்திருக்கும் விலை அவரை அப்படித்தான் யோசிக்கவைக்கும். நுழைவுக் கட்டணத்தை வானத்துக்கு ஏற்றிவிட்டு உள்ளே போன பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் என்று விட்டால், நுழைந்தவர்கள் முடிந்தவரைக்கும் பயன்படுத்திக்கொள்ளத்தான் பார்ப்பார்கள்.

எப்போது ஓட்டுகிறோம் என்பதை வைத்துக் கட்டணம் வாங்குவது நமக்குப் புதிதில்லை. சிவப்பு எண்பலகைக் கார்கள் ஞாபகம் இருக்கிறதா? 1991இல் வார இறுதிக் கார் என்று தொடங்கி, 1994இல் உச்சநேரமற்ற கார் என்று மாறியது. வார நாட்களில் இரவு 7 மணிக்குப் பிறகும் காலை 7 மணிக்கு முன்பும் ஓட்டலாம், பகலில் எடுக்க வேண்டுமானால் அன்றைக்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும், பதிலுக்குக் கட்டணத்தில் நல்ல தள்ளுபடி. எப்போது ஓட்டுகிறாய் என்பதற்கு அங்கே மதிப்பு இருந்தது. இப்போது பெரும்பாலான வண்டிகளில் புதிய இஆர்பி கருவி மாட்டிவிட்டீர்கள், செயற்கைக்கோள் வழியாக வண்டி எங்கே போகிறது என்று அறியும் வசதி வந்துவிட்டது, தூரத்தைக் கணக்கிட்டுக் கட்டணம் வாங்க அதனால் முடியும். ஆனால் அதை உடனே தொடங்கும் திட்டம் இல்லை என்று சொல்லிவிட்டீர்கள். கருவியின் பெயரைச் சொல்லிக் கூடுதல் கார்களை மட்டும் உடனே விட்டுவிட்டீர்கள். இந்த வரிசையை மாற்றுங்கள் என்றுதான் கேட்கிறேன். முதலில் தூரத்துக்குக் கட்டணம் வரட்டும், சிஓஇயின் ஒரு பங்கை அதற்கு மாற்றுங்கள், குறைவாக ஓட்டுபவர் குறைவாகவும் அதிகமாக ஓட்டுபவர் அதிகமாகவும் கொடுக்கட்டும். வண்டி எங்கே போனது என்ற விவரம் உங்களுக்கு வேண்டாம், எவ்வளவு தூரம் என்ற ஒரே எண் போதும். அப்படிச் சட்டத்திலேயே எழுதிவைத்தால் மக்களுக்கும் பயம் இருக்காது.

அடுத்தது ஏலம். பணம் இருப்பவர்களுக்கே கார் என்பது நீண்ட காலக் குறை, அதைச் சொல்லிச் சொல்லி எல்லாருக்கும் அலுத்துவிட்டது, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தனியார் வாடகைக் கார் நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் வண்டி வாங்க வருவதும் அதே ஏ, பி பிரிவுகளில்தான். படுக்கையில் இருக்கும் அம்மாவை வாரம் மூன்று முறை டயாலிசிசுக்குக் கொண்டுபோக வேண்டிய மகனும் அந்த நிறுவனத்தோடு மோதித்தான் ஏலம் எடுக்க வேண்டியிருக்கிறது. வாடகைக் கார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, என் அப்பா சக்கர நாற்காலியில் இருக்கிறார், அவரை மருத்துவரிடம் கூட்டிப்போக அதைத்தான் நம்பியிருக்கிறேன். சக்கர நாற்காலி என்று தெரிந்ததும் ஓட்டுநர் ரத்து செய்துவிட்டுப் போன நாட்களும் உண்டு, மழையில் புளோக் வாசலில் அப்பாவோடு நின்றுகொண்டு அடுத்த வண்டிக்கு அழுத்திக்கொண்டிருப்பேன். அந்த வண்டிகளுக்குத் தனிப் பிரிவு வைத்து, சிஓஇ கொடுக்கும்போதே இத்தனை வண்டி சக்கர நாற்காலி ஏற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடலாமே.

ஏலம் ஒன்றே வழி என்பதும் இல்லை. ஷாங்காய் நம்மைப்போல் எண்பலகையை ஏலம் விடுகிறது, பெய்ஜிங் 2011இல் குலுக்கலுக்குப் போனது. குலுக்கலிலும் சிக்கல் இருந்தது, தேவை இருக்கிறதோ இல்லையோ எல்லாரும் பெயர் கொடுத்தார்கள். அதனால் 2021 முதல் காரே இல்லாத குடும்பங்களுக்குப் புள்ளிக் கணக்கில் முன்னுரிமை கொடுக்கும்படி விதியை மாற்றினார்கள். நாமும் ஒரு சிறு பங்கை, எல்லாவற்றையும் இல்லை, ஒரு சிறு பங்கை ஏலத்திலிருந்து எடுத்து வீட்டில் உடற்குறையுள்ளவரையோ நடமாட முடியாத முதியவரையோ பராமரிப்பவர்களுக்குத் தேவை பார்த்துக் கொடுக்கலாம். மொத்த எண்ணிக்கை ஒன்றுகூடக் கூட வேண்டியதில்லை.

சி பிரிவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும், நம்மில் பலர் பேசத் தயங்கும் விஷயம் இது. சரக்கு வாகனத்துக்கும் பேருந்துக்கும் ஒரே பிரிவு. விடியற்காலை ஆறு மணிக்குத் தீவு விரைவுச்சாலையில் போனால் தெரியும், லாரியின் பின்தட்டில் வரிசையாக உட்கார்ந்து தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு போகிறவர்களில் எத்தனை பேர் தஞ்சாவூர், புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துப் பிள்ளைகள் என்று. ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் நம்மோடு வரிசையில் நின்று காய்கறி வாங்குகிறவர்கள்தான். ஒரு நிறுவனம் மனசாட்சியோடு அவர்களுக்கு ஒரு சிறிய பேருந்து வாங்க நினைத்தால் லாரிக்காரர்களோடு அதே ஏலத்தில் போட்டி போட வேண்டும். லாரி சரக்குக்கும் ஆகும், ஆளுக்கும் ஆகும், அதனால் லாரியே வெல்கிறது. ஊழியர் பேருந்துகளை ஏலத்திலிருந்து விலக்கி வையுங்கள். நாற்பது பேர் பாதுகாப்பாக உட்கார்ந்து போகும் வண்டிக்குச் சாலையில் இடம் இல்லை, ஒரே ஆள் போகும் வண்டிக்குக் கூடுதல் இடம் உண்டு என்றால் அந்த ஒதுக்கீட்டில் நியாயம் எங்கே இருக்கிறது? கரிமக் கணக்கில் பார்த்தாலும் அந்தப் பேருந்துதான் முதலில் வர வேண்டும்.

இப்போது பேருந்துக்கு வருகிறேன். கார் வேண்டாம் என்று மக்களிடம் கேட்கும் உரிமை, நல்ல பேருந்தும் ரயிலும் கொடுக்கும் வரைக்கும்தான் உங்களுக்கு இருக்கிறது. 2023 நவம்பரில் 167ஆம் எண் பேருந்தை நிறுத்தப்போவதாகச் சொன்னீர்கள், தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் ரயில் வந்துவிட்டதால் ஆள் குறைந்துவிட்டது என்று. செம்பவாங்கிலிருந்து புக்கிட் மேரா வரைக்கும் போகும் வண்டி அது. மக்கள் எதிர்த்ததும் அரை மணிக்கு ஒன்று என்று ஓடவிட்டீர்கள். காது கொடுத்துக் கேட்டதற்கு நன்றி. ஆனால் அரை மணிக்கு ஒன்று என்றால் தடியூன்றி நடக்கும் பாட்டிக்கு அது பேருந்து இல்லாத மாதிரிதான், ஒன்றைத் தவறவிட்டால் வெயிலில் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். ரயில் வேகமாகப் போகலாம், படி இறங்கி, நடைபாதையில் நடந்து, மாறி ஏறுவது எல்லாருக்கும் முடிகிற காரியம் இல்லை.

2024 செப்டம்பர் 25 முதல் 30 வரை ஜூரோங் ஈஸ்ட்டுக்கும் புவன விஸ்தாவுக்கும் இடையே ரயில் ஆறு நாள் ஓடவில்லை. பழைய ரயில் ஒன்றின் சக்கர அச்சுப் பாகம் கழன்று விழுந்து இரண்டரை கிலோமீட்டர் தண்டவாளம் பாழானது. இரவு பகலாகச் சரிசெய்த ஊழியர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த ஆறு நாளில் பிள்ளையைத் தேர்வுக்கு நேரத்துக்குக் கொண்டுபோக முடியாமல் தவித்த எத்தனை பெற்றோர், என்ன விலையானாலும் ஒரு கார் வாங்கிவிடுவோம் என்று முடிவெடுத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ரயில் பராமரிப்புக்குச் செலவழிக்கும் பணத்தை வெறும் போக்குவரத்துச் செலவாகப் பார்க்காதீர்கள், அதுவும் பருவநிலைக்கான செலவுதான். பேருந்து இணைப்பை மேம்படுத்த எட்டு ஆண்டுகளில் 900 மில்லியன் வெள்ளி வரை செலவிடுவதாக 2024இல் அறிவித்தீர்கள், 2030க்குள் பொதுப் பேருந்துகளில் பாதியை மின்சாரத்துக்கு மாற்றுவதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டும் நல்லது, இன்னும் வேகமாகச் செய்யுங்கள். சிஓஇ வருமானம் பொது நிதியில் சேர்கிறது, எதற்கு எவ்வளவு போகிறது என்று சாதாரண ஆளால் பிரித்துப் பார்க்க முடியாது. கார் கட்டணத்தில் வந்த பணம் இந்தப் பேருந்து வழிக்குப் போனது என்று கண்ணால் பார்க்க முடிந்தால், கார் வாங்க முடியாமல் மனம் கசந்திருக்கும் இளம் தம்பதிகூட இந்தக் கட்டுப்பாட்டை வேறு விதமாகப் பார்ப்பார்கள்.

நம் நாட்டில் மூன்றில் ஒரு குடும்பத்திடம்தான் கார் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். சிஓஇ ஏறியது, இறங்கியது என்று மாதம் இரண்டு முறை செய்தி வருவதால் நாடே கார் வாங்கக் காத்திருப்பதுபோல் ஒரு தோற்றம் வந்துவிட்டது. மீதி இரண்டு பங்கு குடும்பங்களான நாங்கள் ஏலத்துக்கு வருவதில்லை, அதனால் எங்கள் குரல் எந்த விலைப்பட்டியலிலும் தெரிவதில்லை. வெயில் கூடினால் குளிர்சாதனம் இல்லாத பேருந்து நிறுத்தத்தில் நிற்பது நாங்கள்தான். இன்னும் 20,000 வண்டி வேண்டுமா என்று எங்களிடமும் கேட்டிருக்கலாம்.

அதனால் கேட்பது இதுதான். அந்த 20,000இல் இன்னும் விடாமல் இருக்கும் சான்றிதழ்களை நிறுத்திவையுங்கள். தூரக் கட்டணத்தை எப்போது, எப்படித் தொடங்குவீர்கள் என்று ஒரு தேதியோடு சொல்லுங்கள். ஒவ்வொரு ஆண்டும் நாட்டின் கார்கள் மொத்தம் எத்தனை கிலோமீட்டர் ஓடின, எத்தனை டன் வெளியேற்றின என்ற இரண்டு எண்களையும் சிஓஇ விலை வரும் அதே பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்படி போடுங்கள், தமிழிலும் சேர்த்து.

பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஈசூன் குடியிருப்பாளர் ஒருவர்